இறையில்லம் செல்வோருக்கு ஓர் இருப்பிடம்



சென்ற சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் மடல்களில் உம்ராவைப் பற்றிய ஐயங்களே மிகுந்து காணப்படுகின்றன. இஹ்ராம் எங்கே அணிவது, தவாஃபின் இடையில் ஒளு முறிந்தால் என் செய்வது என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறும் நூல்கள் தமிழில் நிறையவே உண்டு. ஆனால் சகோதரி ஒருவர் எழுப்பியிருக்கும் வினாவுக்கு அந்நூல்கள் எவற்றிலும் விடை இல்லை. அவருடைய மாமியார் அறுபத்தெட்டு வயதினர். முழங்கால் வலி உடையவர். பல்லாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மகனையும் மருமகளையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு உம்ரா செய்ய நாட்டம் கொண்டிருக்கிறார். பயண நிறுவனத்தாரிடம் பணத்தைக் கட்டிவிட்டால் தங்குமிடம், உணவு, வாகனம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது மாமியாரின் கருத்து. கைப்பேசியிலேயே விடுதி அறைகளைப் பதிவு செய்தால் பாதிச் செலவில் முடித்துவிடலாம் என்பது கணவரின் கருத்து. "இருவருக்கும் நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், யார் சொல்வதைக் கேட்பது?" என்று கேட்கிறார் அச்சகோதரி.

இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எனினும் இந்த வழக்கில் தீர்ப்பு வழங்குவதற்கு முன் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அவர்கள் எந்த விசாவில் செல்லப் போகிறார்கள்?

உம்ரா விசாவில் செல்வோருக்கு அறையைத் தெரிவு செய்யும் உரிமை முன்போல் முழுமையாக இல்லை. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, உரிமம் பெற்ற விடுதியொன்றுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் 'நுசுக் மசார்' என்னும் சவூதி அரசின் இணையத்தளத்தில் பதிவாகியிருந்தால்தான் உம்ரா விசா வழங்கப்படும் என்பது விதியாகிவிட்டது. ஆகவே விசாவை மட்டும் முகவரிடம் வாங்கிக்கொண்டு, அறையை நாமே மலிவாகப் பிடித்துக்கொள்ளலாம் என்ற பழைய வழி பெரிதும் அடைபட்டுவிட்டது. அப்படிச் செய்துதருகிறேன் என்று யாரேனும் சொன்னால், விசாவுக்காக அரசிடம் அவர் எந்த விடுதியைக் காட்டப்போகிறார் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தங்காத ஒரு விடுதியின் பெயர் உங்கள் பயணப் பதிவில் இருப்பது பின்னால் தொல்லையாகலாம்.

ஆனால் சுற்றுலா விசா, உறவினரைக் காணச் செல்லும் விசா ஆகியவற்றில் செல்வோரின் நிலை வேறு. எவ்வகை விசாவில் நாட்டுக்குள் வந்தவரும் உம்ரா நிறைவேற்றலாம் என்று சவூதி ஹஜ், உம்ரா அமைச்சகம் 2025 அக்டோபரிலும் அறிவித்திருக்கிறது. ஹஜ் காலம் மட்டுமே இதற்கு விலக்கு. நம் மக்களில் ரியாத்திலும் தம்மாமிலும் மகனோ மருமகனோ பணியில் இருக்கும் குடும்பங்கள் பல. துபையிலோ தோஹாவிலோ குடியிருப்பு அனுமதியுடன் வாழ்பவர்களும் எளிதாகச் சவூதி விசா பெற்றுக்கொள்ளக்கூடியவர்கள். இவர்களெல்லாம் விரும்பிய விடுதியை விரும்பிய தளத்தில் தாமே பதிவு செய்துகொள்ளலாம். அச்சகோதரியின் கணவர் இத்தகைய வாய்ப்புடையவராக இருந்தால் அவருடைய யோசனை நடைமுறைக்கு ஏற்றதே. இல்லையென்றால், எந்த முகவர், அவரிடம் எவ்வாறு பேசி எழுதி வாங்குவது என்ற அளவில்தான் தெரிவு இருக்கும்.

விடுதி விவகாரத்துக்குள் நுழையுமுன், மார்க்கக் கல்வி கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. மக்காவின் வீடுகளை வாடகைக்கு விடலாமா என்பதே நம் முன்னோர்களிடையே பெரியதொரு விவாதமாக இருந்தது. ஸூரத்துல் ஹஜ்ஜின் 25ஆம் வசனம் மஸ்ஜிதுல் ஹராமில் உள்ளூர்வாசியையும் வெளியிலிருந்து வருபவரையும் சமமாக்கிப் பேசுகிறது. அதைக் கொண்டு, ஹாஜிகளிடம் வாடகை வாங்குவதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெறுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ அது கூடும் என்றார்கள். இதே பொருளில் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களுக்கும் இமாம் ஷாஃபிஈ அவர்களுக்கும் மக்காவிலேயே நடந்த வாதம் புகழ்பெற்றது. மக்கா வெற்றியின்போது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்திருக்கிறாரா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவியதை இமாமவர்கள் சான்றாகக் காட்டினார்கள். வீடுகளுக்கு உடைமையாளர் உண்டு என்பதால்தானே அவ்வாறு கேட்டிருக்க முடியும் என்பது அவர்களின் வாதம். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் சிறைக்கூடத்துக்காக மக்காவில் ஒரு வீடு விலைக்கு வாங்கப்பட்டதையும் இத்தரப்பினர் எடுத்துக்காட்டுவர். தமிழகத்தில் இரு மத்ஹபினரும் அருகருகே வாழ்கிறோம். ஆனால் மக்காவில் அறை வாடகை கொடுக்கும்போது எல்லோரும் ஷாஃபிஈகளாகிவிடுகிறோம்!

வாடகை கொடுக்க இயலாதவர்களுக்காக ரிபாத் என்னும் தர்ம விடுதிகளை வக்ஃபு செய்யும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வந்திருக்கிறது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவி ஸுபைதா கூஃபாவிலிருந்து மக்கா வரும் பாதை நெடுகிலும் கிணறுகளும் தங்குமிடங்களும் அமைத்தார். நமக்கு அண்மையில், தலச்சேரியைச் சேர்ந்த மாயின்குட்டி கேயி 19ஆம் நூற்றாண்டில் மக்காவில் கட்டிய கேயி ரிபாத், மலபார் ஹாஜிகளுக்குப் பல காலம் நிழல் தந்தது. 1970களின் தொடக்கத்தில் ஹரமின் விரிவாக்கத்துக்காக அது இடிக்கப்பட்டது. இழப்பீட்டுத் தொகை வாரிசுகளிடையே எழுந்த வழக்குகளால் பங்கிடப்படாமலே சவூதிக் கருவூலத்தில் தங்கிவிட்டது. ஹைதராபாத் நிஜாம்கள் ஏற்படுத்திய ரிபாத், பழைய ஹைதராபாத் சமஸ்தானப் பகுதி ஹாஜிகளுக்குப் பயன்பட்டு வந்திருக்கிறது. ஆயினும் இன்று உம்ரா செல்லும் சாமானியத் தமிழ்க் குடும்பத்துக்கு வாடகை விடுதியே கதி.

இனி, முகவரின் துண்டறிக்கையைக் கையில் எடுப்போம். அதில் விடுதியின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் "அல்லது அதற்கு நிகரானது" என்று இருக்கும். நேயர்கள் அனைவரும் கண்ணாடி அணிந்து படிக்க வேண்டிய சொற்கள் இவை. எங்கள் பகுதியிலிருந்து சென்ற குழு ஒன்றுக்கு ஹரமிலிருந்து நானூறு மீட்டரில் விடுதி என்று சொல்லப்பட்டது. போய் இறங்கியபோது கிடைத்ததோ வாகனத்தில் ஏறி வரவேண்டிய தொலைவிலுள்ள கட்டடம். கேட்டதற்கு, நட்சத்திரத் தகுதியில் இரண்டும் நிகர்தானே என்று விடை வந்தது. பொய் சொன்னார்கள் என்று அவர்களைச் சாடவும் முடியவில்லை. துண்டறிக்கையில் எழுதியிருந்தது எழுதியபடியே நடந்துவிட்டது. எந்த வகையில் நிகர் என்பதுதான் எழுதப்படவில்லை.

ஃபிக்ஹில் வாடகை ஒப்பந்தத்துக்கு இஜாரா என்று பெயர். நுகரப்படும் பயன், காலம், கூலி ஆகிய மூன்றும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எங்கே தங்கப்போகிறோம் என்பதே தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, பிறகு அங்கே போய்ச் சண்டையிடுவது இபாதத்தைக் கெடுக்கும். ஆகவே முகவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மக்காவிலும் மதீனாவிலும் விடுதியின் பெயர் என்ன, எத்தனை இரவுகள், ஓர் அறையில் எத்தனை கட்டில்கள், விடுதி மாறினால் ஹரமிலிருந்து எத்தனை மீட்டருக்குள் மாற்று இடம் தருவார், தராவிட்டால் எவ்வளவு பணம் திருப்பித் தருவார் என்பவையெல்லாம் அதில் இருக்கட்டும். நல்ல முகவர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார். "நம்ம ஊர்க்காரரிடம் எழுதிக் கேட்பதா?" என்ற கூச்சம் நம்மிடம் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் பொருந்தாது.

முகவருக்குக் கட்டும் தொகையில் வரி ஒன்றும் அடங்கியிருக்கும். வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு வருமான வரித் துறைக்காக விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் விகிதம் அதன் பின் பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது. இது போய்த் தொலைந்த பணமன்று. உங்கள் பான் எண்ணில் பதிவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். வரிக் கணக்கே தாக்கல் செய்யாத வயதான பெற்றோரின் பெயரில் கட்டப்பட்டுக் கேட்பாரின்றிக் கிடக்கும் தொகைகள் எத்தனையோ! யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறோம் என்பதைக் கட்டும்போதே சிந்தித்துக்கொள்ளுங்கள்.

தொலைவு பற்றி நான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன். ஏனெனில் அச்சகோதரியின் மாமியாருக்கு உம்ரா இனிதாக அமைவதும் அல்லலாக அமைவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தவை.

துண்டறிக்கையிலும் கைப்பேசித் தளங்களிலும் குறிக்கப்படும் தொலைவு பலவேளை காக்கை பறக்கும் தொலைவு. மக்கா மலைகளுக்கு இடையில் அமைந்த நகரம். வரைபடத்தில் முந்நூறு மீட்டராகத் தெரியும் இடத்துக்கு ஏற்றமும் இறக்கமும் சுற்றுப்பாதையும் சேர்ந்து இருமடங்காகிவிடும். தென்கிழக்கே அஜ்யாத் பகுதியில் விடுதிகள் ஹரமுக்கு நெருக்கமானவையே. ஆனால் உள்ளே செல்லச் செல்லச் சாலை மேட்டில் ஏறுகிறது. தொழப்போகும்போது இறக்கம்; களைத்துத் திரும்பும்போது ஏற்றம். தெற்கே மிஸ்ஃபலா, பெயருக்கேற்பத் தாழ்வான பகுதி. அங்குள்ள இப்ராஹீம் கலீல் சாலையில் நம் நாட்டவர், வங்காளிகள், பாகிஸ்தானியர் ஆகியோரின் உணவகங்கள் நிறைந்திருக்கும். நடக்கக்கூடிய நடுத்தர வயதினருக்கு, சற்றே தள்ளியிருந்தாலும், எனக்குப் பிடித்த பகுதி அது. மேற்கே ஜபல் உமர் வளாகத்தில் உலகப் பெயர் பெற்ற விடுதிகள் அணிவகுத்து நிற்கின்றன.

ஹரமின் வாசலிலேயே நிற்பது அப்ராஜுல் பைத் என்னும் ஏழு கோபுரத் தொகுதி. 601 மீட்டர் உயரமுள்ள கடிகாரக் கோபுரம் அதன் நடுநாயகம். உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002இல் இடித்த இடத்தில் எழுந்தது அது. துருக்கியர் அன்று கொதித்தெழுந்ததைச் செய்தித்தாள்களில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே தங்கினால் தொலைவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாங்கு ஒலித்ததும் பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் மின்தூக்கிகளின் முன் கூடுவார்கள். உயர்ந்த மாடியில் அறை கிடைத்தவர் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில், மிஸ்ஃபலாவில் தங்கியவர் ஹரமின் முற்றத்தை அடைந்துவிடக்கூடும். பெரிய கோபுர விடுதிகளில் பதிவு செய்வோர், முதியவர் உடன் வருவதைச் சொல்லித் தாழ்ந்த மாடியில் அறை கேட்க வேண்டும். 'கஅபா தெரியும் அறை' என்று கூடுதல் விலைக்கு விற்கப்படுபவை உயரத்தில் இருப்பவை. என் கருத்தைக் கேட்டால், கஅபாவைக் கண்ணாடி வழியே பார்ப்பதற்குக் கொடுக்கும் பணத்தை, கஅபாவின் அருகில் சென்று அமரத் தக்க இடத்துக்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று, முற்றத்தை அடைவது வேறு, மதாஃபை அடைவது வேறு. ஹரமின் வெளிவாசலிலிருந்து உள்ளே இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டும். கூட்டத்துக்கேற்பக் காவலர்கள் வாசல்களை அடைத்து வேறு வழியே திருப்பிவிடுவார்கள். அண்மைக் காலத்தில் கீழ்த்தள மதாஃப் உம்ரா செய்வோருக்கென்று ஒதுக்கப்பட்டு வருவதால், மற்றவர்கள் மேல்தளங்களில் நீண்ட சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். முழங்கால் வலியுள்ள ஒருவர் இவற்றை முடித்துவிட்டு மேட்டில் ஏறி அறைக்குத் திரும்புவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஹரமுக்குள் சக்கர நாற்காலியும் மின்வண்டியும் கிடைக்கும். வெளியே சாலையில் நம் கால்களே துணை.

கிழக்கே மினா செல்லும் வழியில் அஜீஸிய்யா, அதைப் போன்ற வேறு வெளிப்பகுதிகள் ஆகியவற்றில் அறைகள் மலிவு. ஹரமுக்குப் பேருந்து உண்டு என்பார்கள். 2022 முதல் மக்காவில் நகரப் பேருந்துகளும் ஓடுகின்றன. ஆனால் தொழுகை வேளை நெருங்கினால் ஹரமைச் சூழ்ந்த சாலைகளில் வாகனங்கள் தடுக்கப்படும். வெள்ளிக்கிழமையும் ரமளானிலும் சொல்லவே வேண்டாம். இறக்கிவிடும் இடத்திலிருந்து மீண்டும் நடை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிப்பகுதியில் ஓர் இரவுக்கு 150 ரியால் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு டாக்சி 25 ரியால் என்றால் நாளுக்கு மூன்று முறை போய்வரவே 150 ரியால் ஆகிவிடும். மிச்சம் எங்கே? ஐந்து வேளையும் ஹரமில் தொழ வேண்டும் என்று வந்தவர்கள், அலைச்சலுக்கு அஞ்சி இரண்டு வேளைகளை அறையின் அருகிலுள்ள பள்ளியில் தொழுதுவிடுகிறார்கள். ஒரு தொழுகைக்கு ஒரு லட்சம் மடங்கு நன்மை என்பது புனித எல்லை முழுவதற்கும் பொருந்தும் என்று கூறும் அறிஞர்கள் உண்டு. அதில் மன அமைதி கொள்ளலாம். ஆனால் கஅபாவைக் காண வந்த முதியவரின் ஏக்கம் அதனால் தீர்ந்துவிடுமா?

ஆகவே என் ஆலோசனை இது. இளையவர்கள் நாற்பது நாள் தங்கினாலும் வெளிப்பகுதியில் தங்கட்டும். முழங்கால் வலியுள்ள முதியவரை அழைத்துச் செல்பவர்கள் நாட்களைக் குறைத்துக்கொண்டாவது அருகில் தங்கட்டும். பதினைந்து நாள் தொலைவில் இருப்பதைவிட ஒன்பது நாள் அருகில் இருப்பது அந்த அம்மையாருக்குக் கூடுதலான தொழுகைகளை ஹரமில் பெற்றுத்தரும். முகவர்கள் விற்கும் தொகுப்புகளில் நாட்களின் எண்ணிக்கைதான் பெரிதாக விளம்பரப்படுத்தப்படுகிறது.

அறையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். குழுப் பயணத்தில் ஓர் அறைக்கு நான்கு அல்லது ஐந்து கட்டில்கள் என்பதே வழக்கம். ஆண்கள் ஓர் அறை, பெண்கள் ஓர் அறை என்று பிரிப்பார்கள். கணவன் மனைவி தனித்தனியே முன்பின் அறியாதவர்களோடு தங்க நேரும். தனித்துச் செல்லும் பெண்களுக்கு இது பாதுகாப்பாகவும் துணையாகவும் அமைவதை மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்தூசி போட்டுக்கொள்பவர், இரவில் பலமுறை எழுபவர், சிறு குழந்தையுடையவர் ஆகியோருக்கு ஐவர் அறையில் ஒரே குளியலறை என்பது சோதனைதான். அச்சகோதரியின் குடும்பத்தில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து கட்டில் அறை ஒன்றைத் தங்கள் குடும்பத்துக்கே தனியாகக் கேட்டு வாங்கினால், மாமியாரும் மகனும் மருமகளும் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். முகவருக்கு இதனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. ஆயினும் நாம் கேட்காமல் அவராகத் தரமாட்டார்.

கைப்பேசித் தளங்களில் தாமே பதிவு செய்வோர் கவனிக்க வேண்டியவை வேறு. புக்கிங்.காம், அகோடா, மேக்மைட்ரிப் போன்றவற்றில் முதலில் தெரியும் விலை பெரும்பாலும் இருவருக்கானது. சிலவற்றில் வரி நீங்கலானது. சவூதியில் மதிப்புக் கூட்டு வரி 2018இல் 5 சதவிகிதமாகத் தொடங்கி, 2020 ஜூலை முதல் 15 சதவிகிதமாக இருக்கிறது. 400 ரியால் என்று கண்ட அறை, பணம் செலுத்தும் பக்கத்தில் 460 ரியாலாகி நிற்கும். ஐந்து பேர் என்பதையும் பிள்ளைகளின் வயதையும் முதலிலேயே குறிப்பிட்டுத் தேடினால்தான் மெய்யான விலை தெரியும். இருவருக்குப் பதிவு செய்துவிட்டு ஐவர் போய் நின்றால், கூடுதல் கட்டிலுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அறை இல்லையென்றும் சொல்லலாம்.

ஒரே அறைக்கு இரண்டு விலைகள் இருப்பதையும் காண்பீர்கள். குறைந்த விலை, திருப்பித் தரப்படாதது. கூடிய விலை, குறிப்பிட்ட நாள்வரை இலவசமாக நீக்கிக்கொள்ளத்தக்கது. விசா கையில் வரும்வரை இரண்டாவதையே தெரிவு செய்யுங்கள். விசா தாமதமாகி, மலிவாகப் பதிவு செய்த அறையின் பணம் முழுவதும் போய்விட்ட குடும்பங்களை நான் அறிவேன். நீக்குவதற்கான கெடு விடுதி இருக்கும் நாட்டின் நேரப்படி கணக்கிடப்படுவது வழக்கம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இந்த ஒன்று மட்டும் நமக்குச் சாதகம்.

ரியாலின் மதிப்பு 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்ற அளவில் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள ஏற்ற இறக்கமே நம் அறை வாடகையின் ஏற்ற இறக்கம். 'அங்கே சென்று செலுத்தலாம்' என்று பதிவு செய்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். இந்தியக் கடன் அட்டையால் ரியாலில் செலுத்தினால் பெரும்பாலான வங்கிகள் 2 முதல் 3.5 சதவிகிதம் வரை கூடுதலாகப் பிடிக்கும். தளம் ரூபாயிலேயே செலுத்தச் சொன்னால் அது கணக்கிடும் மாற்று விகிதத்தையும் ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிடுவது நலம்.

படங்களை நம்பி மயங்க வேண்டாம். அகன்ற கோணத்தில் எடுத்த படத்தில் பெட்டி வைக்க இடமில்லாத அறையும் மண்டபமாகத் தோன்றும். ஹனஃபி மத்ஹபில், காணாமல் ஒப்பந்தம் செய்தவர் கண்ட பின் முறித்துக்கொள்ளும் உரிமைக்குக் கியாருர் ருஃயா என்று பெயர். விடுதிக்காரரிடம் அந்தச் சட்டம் பேசிப் பயனில்லை. அதற்குப் பதிலாக, தங்கிச் சென்றவர்கள் எழுதியவற்றில் அண்மையில் எழுதப்பட்டவற்றை மட்டும் படியுங்கள். அங்கும் பாராட்டுரைகளை விட்டுவிட்டு, மின்தூக்கி, தண்ணீர், குளிர்சாதனம், நடந்த நேரம் ஆகிய நான்கைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். "முதிய தாயாருடன் தங்கினோம்" என்று எழுதியிருப்பவரின் ஒரு வரி, பத்து நட்சத்திரங்களைவிட மேலானது.

எந்த நாளில் செல்வது என்பதும் வாடகையை நிர்ணயிக்கும். ரமளானின் கடைசிப் பத்தைப் பல விடுதிகள் மொத்தமாகவே விற்கும். நான்கு இரவுகள் மட்டும் என்றால் தரமாட்டார்கள். அங்கே பிறை ஒரு நாள் முன்பின்னானால் தேதிக் கணக்கு தடுமாறும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும். சவூதியில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை; வியாழன், வெள்ளி இரவுகளில் உள்நாட்டு மக்களே திரண்டு வருவதால் வாடகை ஏறும். மதீனாவில் வார இறுதியையும் மக்காவில் வார நாட்களையும் கழிக்குமாறு அமைத்துக்கொண்டால் சிறிது மிச்சப்படும். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில் செல்லலாம் என்று எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. இப்போதைய ஆண்டுகளில் ஹஜ் மே, ஜூன் மாதங்களில் வருகிறது. 2025இல் உம்ரா விசாவில் வந்தவர்கள் ஏப்ரல் 29க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. எனவே பிள்ளைகளின் தேர்வு முடிந்ததும் போகலாம் என்ற திட்டம் நிறைவேறுவது கடினம். அரையாண்டு விடுமுறையில் இடம் உண்டு. ஆனால் பலரும் அதையே எண்ணுவதால் விமானக் கட்டணமும் வாடகையும் சேர்ந்து உயரும். ஹஜ் முடிந்து உம்ரா மீண்டும் தொடங்கும் முஹர்ரம், ஸஃபர் மாதங்களில் விடுதிகள் மலிவு, வெயிலோ கொடியது.

மதீனமாநகரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் சமதளம், மஸ்ஜிதுந் நபவீயைச் சுற்றியுள்ள மர்கஸிய்யா பகுதியில் எங்கே தங்கினாலும் நடை எளிது. பெண்களுக்கான தொழுகைப் பகுதிகள் பள்ளியின் வடபுறத்தில் இருப்பதால், குடும்பத்துடன் செல்வோர் வடக்கே அறை எடுப்பது நன்று. தெற்கே எடுத்தால் ஆண்களுக்கு நெருக்கம். பெண்கள் பரந்த முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ரவ்ளாவில் தொழுவதற்கு நுசுக் செயலியில் நாளும் நேரமும் முன்பதிவு செய்ய வேண்டியிருப்பதால், அந்த நேரம் உறுதியாகும்வரை மதீனா விடுதியை நீக்கத்தக்க விலையிலேயே வைத்திருங்கள். 2018 முதல் ஓடும் ஹரமைன் அதிவேக ரயில் இரு நகரங்களையும் இரண்டரை மணி நேரத்துக்குள் இணைத்துவிடுகிறது. ஆனால் மக்கா ரயில் நிலையம் ஹரமிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ருஸைஃபாவில் இருக்கிறது. அங்கிருந்து விடுதிவரை டாக்சிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு முன் பல விடுதிகளில் அறை தரமாட்டார்கள். காலை ரயிலில் புறப்பட்டுப் போய் முதியவரை வரவேற்பறையில் நெடுநேரம் உட்கார வைக்க வேண்டாம்.

அறைச் சாவியை வாங்கும்போதே, விடுதியின் பெயர் அரபியில் அச்சிட்ட அட்டைகள் குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பின்புறத்தில் ஹரமின் எந்த எண் வாசலுக்கு எதிரே அந்த விடுதி இருக்கிறது என்பதையும், மகனின் அங்குள்ள தொலைபேசி எண்ணையும் எழுதி, மாமியாரின் கழுத்துப் பையில் வைத்துவிடுங்கள். முதல் தொழுகைக்கு அவரை அழைத்துச் செல்லும்போது அதே வாசலில் நின்று அந்த எண்ணை அவரையே ஒருமுறை படிக்கச் செய்யுங்கள்.